கதவில்லாத ஜீப்

மண்ணூரில் சிமென்ட் கடை வைத்திருந்தபோது, ஏலத்தில் பழைய ராணுவ ஜீப் ஒன்றை எடுத்தேன். கதவு இருந்தால் அது ஜீப்பே இல்லை என்பது என் கட்சி. இரண்டு கதவுகளையும் கழற்றிவிட்டேன்.

வல்லக்கோட்டை கோயிலுக்குப் போகும்போது, ரோட்டை விட்டு வண்டியைத் திருப்பியதும் என் மனைவி சரோஜா, "பயமா கீதுங்க, ரோட்டு மேலயே போங்க" என்றாள்.

"எந்தக் காராவது இதுல ஏறுமா, பாரு" என்று ஏரிக்கரைச் சரிவில் ஏற்றினேன். வண்டி குலுங்கிக் குலுங்கி ஏறியது. உச்சியில் பெருமையாகத் திரும்பினேன். பக்கத்து சீட்டில் அவள் இல்லை. கீழே கற்களின்மேல் கிடந்தாள்.

முதுகெலும்பு முறிந்துவிட்டது, இனி நடக்கமாட்டாள் என்றார் டாக்டர்.

இப்போது கூட வருபவர் பயம் என்று சொன்னால், காரணம் கேட்காமல் வண்டியை நிறுத்திவிடுகிறேன். சரோஜாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, தூக்கி உட்காரவைத்து, திரும்ப மாட்டிய கதவைச் சாத்தி, இழுத்துப் பார்த்த பிறகே கிளம்புகிறேன்.