ஆறு மூட்டை மணல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கூடப்பிறந்த ராத்தா வெங்காயப் பாத்தியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துபோனது. ஒப்பரேஷன் முடிந்ததும் டொக்டர் சொன்னது ஒன்றுதான்: கிழமைக்கொரு தடவை வந்து பயிற்சி செய்யாவிட்டால் இனி நடை இல்லை. மாம்புரியிலிருந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்கு என் கெப் வாகனத்தில்தான் கூட்டிப்போனேன். பின்சீட்டில் வாய் திறக்காமல் வருவா. நாலாம் கிழமை, "நான் வரல்ல தம்பி, விடு" என்றா. அடுத்த கிழமையும் அதே கதை. ஆத்திரத்தில் கத்தினேன். அதற்கு ராத்தா சொன்னா: "உன்ட வாகனத்துல குலுங்குறதுக்கு நொண்டியாவே இருந்துட்டுப் போறன்."

பூசணிக்காய் ஏற்றுகிற கெப் அது. பின்பக்கத் தகட்டு ஸ்பிரிங்கில் நானே இன்னொரு தகடு கூட்டிப் போட்டிருந்தேன். வெறுமையாக ஓடினால் குதிக்கும். அதனால் நோயாளியை ஏற்றும்போது பின்னால் மணல் மூட்டை போடுவோம். பாரம் இருந்தால் தகடு கொஞ்சம் வளைந்துகொடுக்கும்.

கராஜ்கார நானாவிடம் போய், தகட்டைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போடச் சொன்னேன்.

"தகடு பாரத்தை மட்டுமா தாங்குது? அச்சையும் அதுதான் பிடிச்சிருக்கு. கழட்டினா இரும்புக் கை செஞ்சு வெல்டிங் பண்ணணும். பிறகு பூசணிக்காய மறந்துடு."

"மறந்துட்டன் நானா."

நாலு நாள் எடுத்தார்.

ராத்தாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினேன். முதல் பள்ளத்திலேயே அடியில் இரும்போடு இரும்பு மோதியது. அடுத்த பள்ளத்திலும் அப்படியே. வாகனத்தை ஓரங்கட்டி, நானாவுக்கு டெலிபோன் கோல் எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பின்னால என்ன கிடக்கு?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ஆறு மூட்டை மணல். காலையில் பழக்கதோஷத்தில் நானே ஏற்றியது. ஆளுக்கென்று போட்ட மெல்லிய சுருளை அந்தப் பாரம் அடியோடு அமுக்கியிருந்தது.

"மண்டைக்குள்ளயும் அதையேதான் ஏத்தி வச்சிருக்கிறியா?" என்றார். ஞாயமான ஏச்சுத்தான்.

மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு மறுபடி எடுத்தேன். பள்ளங்கள் வந்தன, மெல்ல அசைந்துகொடுத்துவிட்டுப் போயின. பாலாவி தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தால், ராத்தா வாயிலிருந்து எதையோ எடுத்து மடியில் விரிக்கிறா. முகம் துடைக்கிற கைலேஞ்சி.

"என்ன ராத்தா அது?"

"நான் கத்தினா நீ பதறிடுவாய் எண்டு கடிச்சிக்கிட்டு வாறது."

"இண்டைக்கா?"

"எல்லாக் கிழமையும்தான்."

அவ பேசாமல் வந்ததையெல்லாம் சுகமாக வருகிறா என்றுதான் நான் நினைத்திருந்தேன். அல்லாஹ்வே, அவவிடமா கத்தினேன்? வெட்கமாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதேன்.

ராத்தா கைலேஞ்சியை முன்பக்கம் நீட்டினா. "கண்ணைத் துடைச்சிக்கிட்டு ரோட்டைப் பாரு. அடுத்த கிழமை எத்தனை மணிக்கு வெளிக்கிடுறம்?"