மெர்சியின் விசாவும் நான் எடுத்த போனும்

1. போன்

பகல் பதினோரு மணி இருக்கும். பிளவுஸ் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் பேசினாள்.

"மெர்சிங்கிறவங்க உங்க கடையில டிசைனரா இருக்காங்களா மேடம்? விசா சம்பந்தமா விசாரிக்கிறோம்."

"அப்படி யாரும் இல்ல."

"உறுதியா சொல்றீங்களா மேடம்?"

"இல்லன்னா இல்ல."

வைத்துவிட்டேன். மெர்சி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து பிரவுன் பேப்பரில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரைந்துகொண்டிருந்தாள். தலை தூக்காமல் கேட்டாள்.

"யாருக்கா? மாப்பிள்ளை வீடா?"

"யாரோ."

"எனக்குன்னா ரெண்டு புள்ள இருக்குதுன்னு சொல்லிடுங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன். விசா என்று அந்தப் பெண் சொன்னதை மெர்சியிடம் சொல்லவில்லை.

அந்த ஒரு 'இல்ல' மெர்சியின் குடும்பத்தையே நிறுத்தப் பார்த்தது. டிசைனிங் படித்துவிட்டு வெளிநாடு போகிற யோசனையில் இருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏழாவது வரை படித்தவள். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

2. கடை வழக்கம்

சிதம்பரம் கீழ வீதியில் மாடியில் என் லேடீஸ் டெய்லரிங் கடை. இருபத்தாறு வருடமாக நடக்கிறது. வேலை செய்கிறவர்கள் எல்லாம் பெண்கள்.

ஆரம்பத்தில் போனில் யார் கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தன் மாப்பிள்ளை வீடு என்பான். ஒருத்தன் கூடப் படித்தவன் என்பான். ஒருத்தன் கூரியர் என்பான். அப்படி ஒருத்தனிடம் ஒரு பெண் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவாள் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவன் கீழே பைக்கில் நின்றான். அதற்கடுத்த நாளும் நின்றான். அந்தப் பெண்ணை வீட்டில் வேலைக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். நல்ல கை அவளுக்கு.

அன்றிலிருந்து ஒரே பதில்தான். யார் பேரைக் கேட்டாலும் அப்படி யாரும் இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பேட்டர்ன் யார் வரைகிறார்களோ அவர்கள் அந்தப் பேப்பரிலேயே பேரும் தேதியும் எழுத வேண்டும். பிளவுஸ் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் நான் இல்லை, அவள்தான் என்று ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். எனக்கு யார் மேலும் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது. அதனால் எழுத வைத்தேன். தப்பு இருந்தால் சிவப்புப் பென்சிலில் நான் குறிப்பேன். பேப்பரில் ஓட்டை போட்டு சுவரில் கொக்கியில் மாட்டிவிடுவோம்.

3. எட்டுப் பேர், ஒரு கோட்

மெர்சி கடலூர் ஓல்டு டவுனிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஃபேஷன் டிசைனிங் டிகிரி. என்னிடம் ஆறு வருடம். கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுவதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை.

ஒருநாள் பிரவுன் பேப்பர் துண்டில் வெளிநாடு போக மூன்று வழி எழுதிக் காட்டினாள். வேலை கொடுக்கிற கம்பெனியே ஸ்பான்சர் பண்ணுவது ஒன்று. பேரும் அவார்டும் இருக்கிறவர்கள் தனித்திறமை என்று போவது ஒன்று. வயது, படிப்பு, இங்கிலீஷ், அனுபவம் எல்லாவற்றுக்கும் பாயிண்ட் போட்டு, அங்கே ஒரு மாநிலம் நம்மைத் தேர்ந்தெடுப்பது ஒன்று.

"கம்பெனிக்காரன் நம்மள பார்க்காம எடுக்க மாட்டான்க்கா. அவார்டு கிடையாது. மூணாவதுதான். ஆஸ்திரேலியா. குடும்பத்தோட போலாம். எனக்கு இப்ப முப்பத்திரண்டு. வயசு ஏறுனா பாயிண்ட் எறங்கிடும்."

"யாரு பண்ணித் தருவா?"

"கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ஏஜென்ட் இருக்காராம். கூட வரீங்களா?"

போனேன். கூட அவள் வீட்டுக்காரர் டேனியலும் வந்தார். ஏ.சி. மெக்கானிக். மாடியில் ஆபீஸ். சுவரில் எட்டு போட்டோ. எட்டு பேரும் வெளிநாட்டில் செட்டில் ஆனவர்கள் என்று கீழே எழுதியிருந்தது.

ஏஜென்ட் டீ வரவழைத்தார்.

"விசா கன்ஃபார்ம்க்கா. உள்ள நம்ம ஆளு இருக்காரு. ஆனா டிசைனர்னு போட்டா லேட்டாவும். குக்குன்னு போட்டுடலாம்."

"எனக்கு ரசமே ஒழுங்கா வராது சார்," என்றாள் மெர்சி.

"அங்க யாரும்மா உன் ரசத்த குடிச்சிப் பார்க்கப் போறாங்க? ஓட்டல் லெட்டர், சீல், அனுபவம் எல்லாம் நாங்களே ரெடி பண்ணிடுவோம். மச்சான், நீங்க சொல்லுங்க."

மச்சான் என்றது டேனியலை. நான் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி வேலை செய்கிறவளுக்குக் கண் அங்கேதான் போகும். எட்டு பேரும் போட்டிருந்தது ஒரே கோட். ஒருத்தருக்குத் தோள் தொங்கியது. ஒருத்தருக்குக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. எட்டு போட்டோவிலும் இரண்டாவது பட்டன் வேறு நிற நூலில் தைத்திருந்தது.

"இந்த எட்டு பேரும் வேற வேற ஊர்ல இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. சிட்னி, துபாய், லண்டன்."

"கோட்டு மட்டும் எல்லா ஊருக்கும் போயிட்டு வந்துச்சா?"

அவர் டீயைக் குடிக்கச் சொன்னார். ஆள் அனுப்ப அரசாங்கப் பதிவு இருக்கிறதா என்று டேனியல் கேட்டார். ரினியூவலில் இருக்கிறது என்றார். எழுந்து வந்துவிட்டோம். டீ குடிக்கவில்லை.

அதன் பிறகு மெர்சி தானே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டாள். இங்கிலீஷ் பரீட்சை எழுதினாள். படிப்பையும் வேலையையும் அங்கே சரிபார்த்துத் தேர்ச்சி கொடுத்தார்கள். என் கடை லெட்டரில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஒரு மாநிலம் அவளைத் தேர்ந்தெடுத்தது. கடைசியாக விசாவுக்குப் போட்டாள்.

ஆனால் மஞ்சக்குப்பத்துக்காரர் விடவில்லை. எப்படியோ என் நம்பரைப் பிடித்து, நாளுக்கு ஒரு நம்பரில் ஆள் விட்டுப் பேச வைத்தார். "விசா விஷயமா பேசறோம் மேடம்." "ஃபைல் ரெடி மேடம்." விசா என்றாலே எனக்குக் கை சிவப்புப் பட்டனுக்குப் போய்விடும். அப்படி ஒரு நாளில்தான் அந்தப் பதினோரு மணிப் போன் வந்தது.

4. கடிதம்

மூன்று வாரம் கழித்து மெர்சி காலையில் வந்தாள். டேனியலும் கூட வந்தார். அவள் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. போனில் விசா ஆபீஸ் அனுப்பிய மெயிலைத் திறந்து தமிழில் சொன்னாள்.

"முதலாளியம்மா உன்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டாங்கன்னு எழுதியிருக்காங்கக்கா. கொடுத்த லெட்டர் பொய்யின்னு சந்தேகப்படறாங்க. இருபத்தெட்டு நாளுக்குள்ள பதில் சொல்லணும். இல்லன்னா விசா கிடையாது. மூணு வருஷத்துக்குத் திரும்பப் போடவும் முடியாது."

மூன்று வருடத்தில் அவள் வயது பாயிண்ட் இறங்கிவிடும். எனக்கே கணக்குத் தெரியும்.

"போன் வந்துச்சு. நான்தான் இல்லன்னு சொன்னேன்," என்றேன்.

"எப்பக்கா?"

"நீ எதிர்ல உக்காந்திருந்த."

அவள் தன் வழக்கமான இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். டேனியல்தான் கேட்டார்.

"விசான்னு சொன்னாங்களா அக்கா?"

"சொன்னாங்க."

"சொல்லியுமா? இவ போயிட்டா கடை நிக்காதுன்னுதானே அப்படிச் சொன்னீங்க?"

"விடுங்க," என்றாள் மெர்சி.

அவள் போய்விட்டால் கடைக்குக் கஷ்டம் என்பது உண்மை. அதை நான் நினைத்ததும் உண்மை. அதற்காகச் சொன்னேனா என்று எனக்குள் பல தடவை கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றுதான் வருகிறது. ஆனால் என் 'இல்லை'யை இனி யார் நம்புவது?

எட்டு போட்டோவைச் சந்தேகமாகப் பார்த்தவள் நான். இப்போது என்னை இரண்டு பேர் அப்படிப் பார்த்தார்கள். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

5. சிவப்புப் பென்சில்

கோர்ட் பக்கம் ஒரு வக்கீலிடம் போனோம். கேட்டுவிட்டு எளிதாகச் சொன்னார்.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல. போனை வேற யாரோ எடுத்துட்டாங்க, புதுசா வந்த பொண்ணு, தெரியாம சொல்லிட்டான்னு எழுதிடுவோம். முடிஞ்சு போச்சு."

டேனியல் உடனே தலையாட்டினார். மெர்சி என்னைப் பார்த்தாள்.

"வேணாம் சார்," என்றேன்.

"ஏம்மா?"

"எடுத்தது நான். தெரிஞ்சேதான் இல்லன்னு சொன்னேன். ஏன் சொன்னேன்னு எழுதுங்க."

"அப்படி எழுதுனா நம்பணுமே."

"நம்பலாம், நம்பாமலும் போவலாம். ஏற்கெனவே ஒண்ணு பொய்யா சொல்லிட்டேன். அதுக்கு மேல இன்னொண்ணு எழுதித் தர மாட்டேன்."

"அக்கா, இவ வாழ்க்கை," என்றார் டேனியல்.

"அதனாலதான்."

பைக்கில் நின்றவன் கதை, கடை வழக்கம், ஏஜென்ட் போன்கள் எல்லாம் சொன்னேன். வக்கீல் இங்கிலீஷில் எழுதினார். மெர்சி எனக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னாள். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

சம்பளம் பேங்கில் ஏறிய பதிவை ஏற்கெனவே அனுப்பியிருந்தோம். அவர்கள் சந்தேகப்பட்டது என் வாயைத்தான். பேச்சுக்கு எதிராக வேறு ஏதாவது வேண்டும். கடைக்கு வந்து கொக்கியில் மாட்டியிருந்த பேப்பர் எல்லாவற்றையும் இறக்கினேன். ஆறு வருடத்துப் பேட்டர்ன். தூசியில் மூன்று பேருக்கும் தும்மல்.

மெர்சி நன்றாக வந்ததை எல்லாம் ஒரு பக்கம் அடுக்கினாள். கல்யாண கவுன், கிள்ளை ஊர்க் கஸ்டமர் ஒருத்தருக்குப் போட்ட லெஹங்கா, அப்படி.

"அது கிடக்கட்டும். தப்பானத எடு," என்றேன்.

"தப்பையா அனுப்புவீங்க?"

"நல்லத யாரு வேணா இப்ப உக்காந்து வரைஞ்சுடலாம். இத ஒருத்தனும் வேலை மெனக்கெட்டு செய்ய மாட்டான்."

முதல் வருடத்துப் பேப்பர் ஒன்று. அவள் பேர், தேதி. பக்கத்தில் சிவப்பில் என் எழுத்து: 'மெர்சி, கை சேர்க்கிற ஆர்ம்ஹோல் தப்பு. திரும்ப வரை.' அடுத்தது: 'கழுத்து இறக்கம் ஜாஸ்தி.' அடுத்தது: 'டார்ட் மடிப்பு எங்கே? தூங்கினாயா?' வருடம் ஆக ஆகச் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசி இரண்டு வருடத்தில் அநேகமாக இல்லை.

டேனியல் ஒவ்வொன்றாகத் தரையில் விரித்துப் போட்டோ எடுத்தார். 'தூங்கினாயா' பேப்பர் வந்தபோது அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப பெரியவன் வயித்துல இருந்தான்," என்றாள்.

"தெரியும். அதனாலதான் தூங்குனியான்னு கேட்டேன். இல்லன்னா வேற மாதிரி எழுதியிருப்பேன்," என்றேன்.

டேனியல் முதல் தடவையாகச் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பேப்பரைப் பார்த்துத்தான்.

6. இரண்டாவது போன்

பதில் அனுப்பி ஒன்றரை மாதம் ஆனது. மறுபடியும் தெரியாத நம்பர். மெர்சி எதிரே இருந்தாள். இந்தத் தடவை ஓர் ஆண்.

"மெர்சிங்கிறவங்க உங்ககிட்ட வேலை செய்யறாங்களா?"

வாயில் அதே வார்த்தைதான் வந்து நின்றது. விழுங்கினேன்.

"நீங்க யாரு? உங்க பேரு, ஆபீஸ், ஃபைல் நம்பர் சொல்லுங்க."

கேட்டதை எல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

"இது நிஜமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ் மெயில்ல இருந்து இப்ப ஒரு வரி அனுப்புறேன். பார்த்துட்டுப் பேசுங்க."

மெர்சி மெயிலைக் காட்டினாள். முதல் கடிதம் வந்த அதே முகவரி. நம்பரும் பேரும் சரியாக இருந்தது.

"இப்ப கேளுங்க," என்றேன்.

என்ன வேலை, எத்தனை மணி, எத்தனை வருடம், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். வேலை எப்படி என்று கேட்டார்.

"நல்லா செய்வா. ஆர்ம்ஹோல்ல மட்டும் பார்த்துக்கணும்."

மெர்சி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவர் சிரித்த மாதிரி இருந்தது.

"இப்ப உங்ககிட்டதான் இருக்காங்களா?"

"இருக்கா. நேரா எதிர்ல."

அடுத்த மாதம் விசா வந்தது. கிளம்பும் முன் டேனியல் கடைக்கு வந்து என் பழைய ஏ.சி.யைக் கழற்றி சர்வீஸ் செய்துவிட்டுப் போனார். அன்று கேட்ட கேள்வியைப் பற்றி அவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மெர்சி இடத்தில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை. டிசைனிங் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான் கற்றது இவ்வளவுதான். சந்தேகப்படுவதில் தப்பில்லை. அதுதான் மஞ்சக்குப்பத்தில் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் சந்தேகம் வந்தால் கேள்வி கேட்க வேண்டும். கேட்காமல் நான் கதவைச் சாத்தினேன். சாத்தியது மெர்சிக்கு. வெளிநாட்டுக்குப் போடுகிற பிள்ளைகள், உங்கள் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், போன் வரும் என்று. வேலை செய்ததற்குத் தேதி போட்டு வையுங்கள். தப்பாகச் செய்த பேப்பரைக் கிழிக்காதீர்கள்.

போன வாரம் ஒரு போன். தெரியாத நம்பர்.

"மெர்சின்னு யாராவது அங்க வேலை செய்யறாங்களா?"

இல்லை என்று சொன்னால் இப்போது அது பொய்யில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"நீங்க யாரு?"

சொல்லாமல் வைத்துவிட்டார்கள்.