மோட்டார் ஓடாதபோது வந்த தண்ணீர்

என் மகள் மூன்று நாள் தருமபுரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றுக்குள் பூச்சி மருந்து போயிருக்கிறது என்றார் டாக்டர். அளவு குறைவு, பிழைத்துக்கொண்டாள். எப்படிப் போனது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"ஸ்கூல் விட்டு வந்தேன். தாகமா இருந்துச்சு. வாசக் கொழாயத் தொறந்து குடிச்சேன், கசந்துச்சு. அவ்ளோதாம்மா."

யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அவள் பையில் இயற்பியல் தேர்வுத்தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பதினோராம் வகுப்பு, முப்பத்தைந்துக்கு ஒன்பது. வாயுக் கணக்குகள் எல்லாவற்றிலும் வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டாமல் விட்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் நாத்தனார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மார்க்கு கம்மின்னா இப்பல்லாம் புள்ளைங்க இதத்தான் பண்ணுதுங்க. லவ்வு கிவ்வு இருக்குதான்னும் பாத்துக்க" என்றார். போலீஸ்காரர் ஒருவர் வந்து ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

மார்க்கைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். என்னைச் சந்தேகத்தின் பக்கம் சாய்த்தது அந்தக் குழாய்தான். எங்கள் வீட்டு வாசல் குழாய்க்குத் தொட்டி கிடையாது. போர்வெல் தண்ணீர் எங்கள் தக்காளிக் காட்டுக்குப் போகும் பைப்பிலிருந்து ஒரு கிளை வீட்டுக்கு வருகிறது, மோட்டார் ஓடினால் தண்ணீர், ஓடாவிட்டால் இல்லை. அவள் குடித்ததாகச் சொன்ன நேரத்தில் ஊரிலேயே கரண்ட் இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்து, மோட்டாரைப் போட்டு, அதே குழாயில் ஒரு சொம்பு பிடித்துக் குடித்துப் பார்த்தேன். எப்போதும்போல் இனித்தது. அந்தச் சொம்பைக் கீழே வைத்தபோதே என் மகள் பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்துவிட்டேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் வந்து அவள் அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். மருந்து டப்பாக்களை நான் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவள் குளிக்கப் போனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எதையாவது கேட்டுக் குரல் கொடுத்தேன். ஒருநாள் உள்ளிருந்தே சொன்னாள்: "ம்மா, பாத்ரூம்லதான் இருக்கேன். ஊருக்குப் போயிடல."

மூன்று வாரம் கழித்து மறுதேர்வு வைப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள். நானும் பன்னிரண்டாவது வரை அறிவியல் படித்தவள்தான். கணக்குப் போட உதவுகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். உதவிக்குப் பாதி, காவலுக்குப் பாதி. அது அவளுக்கும் தெரியும்.

முதலில் வாயுக்கள். அழுத்தம் மாறாமல் ஒரு வாயுவை 27 டிகிரியிலிருந்து 54 டிகிரிக்குச் சூடாக்கினால் கன அளவு என்ன ஆகும்?

"ரெண்டு மடங்கு" என்றேன் உடனே.

"273 கூட்டுனியா?"

கூட்டவில்லை. கூட்டினால் முந்நூறும் முந்நூற்று இருபத்தேழும். கன அளவு கொஞ்சம்தான் கூடுகிறது.

"நீயும் ஒம்போதுதாம்மா" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்து நீரோட்டம். ஒரு தொட்டி. நீர்மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே ஒரு துளை. தண்ணீர் என்ன வேகத்தில் வெளியே வரும்? அவள் இரண்டு வரியில் முடித்தாள். நொடிக்குப் பத்து மீட்டர்.

"அவ்ளோ வேகமா? மோட்டாரே இல்லாமயா?"

"மோட்டாரு எதுக்கும்மா? ஒசரம் இருந்தா போதும்."

சொல்லிவிட்டு அவள் பேனாவை எடுக்கவில்லை. எங்கள் தக்காளிக் காடு மேட்டில் இருக்கிறது. வீடு பள்ளத்தில்.

அடுத்த பக்கத்தில் ஒரு படம். நடுவில் குறுகும் குழாய். குறுகிய இடத்தில் தண்ணீர் வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும், ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பாத்திரத்திலிருந்து திரவத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கருவி என் காட்டில் இருக்கிறது. சொட்டுநீர் பைப்போடு வந்தது. உரமோ மருந்தோ கலந்த டிரம்மில் அதன் மெல்லிய டியூபை விட்டால் போதும், செடிக்குச் செடி போய்விடும். அவள் குழாயில் குடித்த அன்றைக்கு வேர்ப்புழுவுக்கு மருந்து விட்டிருந்தேன். பாதியில் கரண்ட் போனதும், டியூபை டிரம்மிலேயே விட்டுவிட்டுப் பாப்பாரப்பட்டிக்குச் சாமான் வாங்கப் போய்விட்டேன்.

காட்டுக்குப் போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்று அந்த பைப்பில் இருந்தது. போன கோடையில் கடைசி வரிசைச் செடிகளுக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை. "கழட்டிப் போடுங்க, அது எதுக்கு நடுவுல அடச்சிக்கிட்டு" என்று பிளம்பரிடம் சொன்னது நான்தான். அதன்பிறகு மோட்டார் ஓடாத நேரத்தில் வாசல் குழாயை நான் திறந்து பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை டிரம்மைக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, டியூபை அதில் விட்டோம். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடியது. வாசல் குழாயில் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. நான் சொம்பில் பிடித்துக் குடித்த அதே தண்ணீர். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, குழாயைத் திறந்து சொம்பை வைத்தோம். தண்ணீர் நிற்கவில்லை. முதலில் தெளிவாக வந்தது. சிறிது நேரத்தில் நீலம் இறங்கியது.

அவள் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ நம்பலதான?"

"நம்பல சாமி."

"ஒரு வாட்டி கூடவா?"

"வால்வக் கழட்டச் சொன்னது நாந்தான்" என்றேன். அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அவளும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. நீலத் தண்ணீரைக் கொட்டினாள், சொம்பைக் கழுவினாள்.

"அத்தகிட்ட நீயே சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். பைப், மேடு, டிரம், வால்வு என்று முழுதும் சொன்னேன். நாத்தனார் ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "அப்ப லவ்வு கிவ்வு ஒன்னும் இல்லியா?" என்றார்.

"இல்லீங்க."

"பாவம், அத்தைக்கு ஏமாத்தம்" என்று என் மகள் முணுமுணுத்தாள். அவள் அப்பாவிடமும் போனில் சொன்னேன். "தாப்பாள் ஸ்குரூவெல்லாம் ஜன்னல் மேல இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

பிளம்பர் வந்து புது வால்வு போட்டார். போதாது என்று, வீட்டுக்கு வரும் கிளையை அங்கேயே அடைக்கச் சொன்னேன். குடிக்கத் தெருக்குழாயில் பிடித்துக்கொள்கிறோம்.

தாழ்ப்பாளை நானே மாட்டினேன். ஒரு ஸ்குரூ மட்டும் பிடிக்கவில்லை, பழைய துளை பெரிதாகிவிட்டிருந்தது. தீக்குச்சியை உடைத்துச் செருகித் திருகினேன். சாயந்திரம் பள்ளியிலிருந்து வந்தவள் அதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கையில் அவளுக்குப் போட்ட டீ இருந்தது. கதவைத் தட்டக் கை எழுந்தது. தட்டவில்லை. டீ ஆடை கட்டியது. அவளாகத் திறக்கும்வரை அங்கேயே நின்றேன்.