பிசிக்ஸில் நாற்பத்தாறு

அப்பா இறந்த மறுநாள் காலை எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு பிசிக்ஸ் தேர்வு. ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டியவர், ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். பென்னலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டி உர்ரென்று ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

நான் போகமாட்டேன் என்று அழுதேன். அத்தைதான் இழுத்து உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள்.

"அண்ணன் எங்கியும் போயிடாது. பரீட்ச போயிடும். நீ எழுதிட்டு வா, அப்பறம் எடுக்கலாம்."

எங்கள் பக்கம் இப்போது இது வழக்கமாகவே ஆகிவிட்டது. பிள்ளை தேர்வெழுதி வரும்வரை எடுக்கமாட்டார்கள். திரும்பி வரும் பிள்ளையை யாராவது செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். என் படத்தையும் அனுப்பினார்கள்.

தேர்வறையில் நான் அழவில்லை. கேள்விகளுக்கு விடை தெரியவில்லை, அவ்வளவுதான். பள்ளியில் வைத்த திருப்புதல் தேர்வுகளிலும் பிசிக்ஸில் எனக்கு இதே கதிதான். மார்க்கைப் பார்த்துவிட்டு அப்பா, "மெயின் பரீட்சைல புடிச்சிக்கலாம் வுடு" என்று சிரித்தபடி கையெழுத்துப் போடுவார். பாதியில் எழுந்து வரலாமென்றால் அத்தனை பேரும் எனக்காகக் காத்திருக்கிறார்களே என்று வெட்கமாக இருந்தது. மணி அடிக்கும்வரை காதுக்குள் அந்தப் பெட்டியின் உர்ரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாற்பத்தாறு வந்தது. பிராக்டிகலுக்கும் இன்டர்னலுக்குமாக எல்லோருக்கும் அள்ளிப்போடும் முப்பதைக் கழித்தால், நானாக எழுதி வாங்கியது பதினாறு.

ஒரு தனியார் கல்லூரி அறக்கட்டளை, வசதியில்லாத சிலருக்கு இன்ஜினியரிங்கில் இலவச இடம் தந்தது. நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அது கிடைக்காவிட்டால், இருங்காட்டுக்கோட்டையில் சித்தப்பா சொல்லிவைத்திருந்த கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலைக்குப் போய் நிற்கவேண்டியதுதான். பைக்கில் கூட்டிப்போகும்போது சித்தப்பா பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"பிசிக்ஸ் ஏன் கொறஞ்சுதுன்னுதான் கேப்பாங்க. அப்பா மேட்டர சொல்லிடு. கண்ணுல தண்ணி வந்தா தொடைக்காத, இன்னா?"

கேட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியர் என் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, "மேத்ஸ்ல தொண்ணூத்தி நாலு. பிசிக்ஸ் மட்டும் ஏம்மா இப்படி?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற சித்தப்பா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன மனுஷன் மேல் என் பதினாறு மார்க்கையும் ஏற்றுகிறார்களே!

"அப்பா இருந்திருந்தாலும் எனக்கு இதே மார்க்குதான் சார் வந்திருக்கும். பிசிக்ஸ் எனக்கு வராது. கணக்கு வரும். அத வச்சு மத்தத புடிச்சிக்குவேன்" என்றேன்.

திரும்பும்போது சித்தப்பா வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "கம்பெனில எப்ப வரணும்னு கேட்டு வைக்கிறேன்" என்றார்.

ஆனால் இடம் கிடைத்தது. கணக்குக்காகத்தான் தந்தார்கள் என்று நம்பினேன். உண்மையைச் சொல்லி வாங்கிய சீட் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அதைச் சொல்லவும் செய்தேன்.

முதல் நாள் ஆடிட்டோரியத்தில் வரவேற்புக் கூட்டம். அதே பேராசிரியர் மைக்கைப் பிடித்து, "தந்தையின் உடலை வீட்டில் வைத்துவிட்டு வந்து தேர்வெழுதிய மாணவி இங்கே இருக்கிறார்" என்றார். பின்னால் திரையில் அந்தச் செல்போன் படம். சிவந்த கண்ணும் அத்தை பின்னிவிட்ட இரட்டைச் சடையுமாக நான். எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

தட்டி ஓய்ந்ததும் ஏ.சி.யின் சத்தம் கேட்டது. உர்ரென்ற அதே சத்தம். அந்தப் பதினாறுக்காக அப்பாவை எத்தனை நேரம் அந்தக் குளிரில் போட்டுவைத்தேன் என்று அப்போதுதான் தோன்றியது. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் என்னால் உட்கார முடியவில்லை.