எந்த ஒன்று இருபது?

2024 அக்டோபர் 27, ஞாயிறு. வழக்கம்போல ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்து பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது விழுப்புரம் வீட்டு வாசலில் பாதிக் கோலத்தோடு மனைவி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இங்கிலாந்தில் மகளுக்குப் பெண் குழந்தை. மருமகன் அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

பத்து மணிக்குத் திண்டிவனத்தில் ஜோசியர் முன் உட்கார்ந்திருந்தோம். பிறந்த நேரம் கேட்டார். மருமகனைக் கூப்பிட்டேன்.

"ஒன்னு இருபது மாமா. ஆனா எந்த ஒன்னு இருபதுன்னுதான் தெரியல."

"என்ன மாப்ளே சொல்றீங்க?"

"குளிர்காலம் வருதுன்னு ரெண்டு மணிக்கு இங்க கிளாக்கை புட் பேக் பண்ணிட்டாங்க. மறுபடியும் ஒரு மணி. ஒன்னு இருபது ரெண்டு வாட்டி வந்துச்சி. நர்ஸம்மா ஒன்னு இருபதுன்னு மட்டுந்தான் எழுதியிருக்காங்க."

ஒரு தேசமே சேர்ந்து மணியை மாற்றுமா?

போனில் அவர் பக்கத்திலிருந்து மகளின் களைத்த குரல் கேட்டது. "புட் பேக்னு நர்ஸு சொல்லலப்பா. கோ பேக்னாங்க."

"யாரும் கை வைக்காம அதுவா போச்சாம்மா?"

"போன்ல அதுவா போவும். செவுத்து கிளாக்கை நாமதான் டர்ன் பேக் பண்ணணும். தூங்கறவங்களுக்கு ஒரு மணி நேரம் கெயின்னு சொல்லுவாங்க. நான்தான் கண்ணே மூடலையே."

வைத்தார்கள், போனது, திருப்பினார்கள், கிடைத்தது. இத்தனை வினைகளில் ஒன்றிலும் என் பேத்தி பிறந்த நேரம் இல்லை.

"ஒரு மணி நேரம்னா லக்னமே மாறிடலாமுங்க," என்றார் ஜோசியர். "தப்பா கணிச்சிட்டா கல்யாணம் வரைக்கும் பேஜாரு."

மனைவிதான் பேசினாள். "ஏங்க, போன் வந்தப்ப தெரு லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துச்சே!"

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். அழைப்பு வந்தது 5.57. மணியை மாற்றும் முன் அவர்கள் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், மாற்றிய பின் ஐந்தரை. முதல் ஒன்று இருபது என்றால் நமக்கு 5.50. இரண்டாவது என்றால் 6.50, பிறக்காத குழந்தைக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். முதலாவதுதான். ஜோசியர் எழுதத் தொடங்கினார்.

திரும்பும்போது பஸ்ஸில் புலம்பினேன். "இப்படியும் ஒரு ஊரா? மணியைப் போய் மாத்துவாங்களா?"

"நம்ம வீட்டு கடிகாரத்துலயுந்தான் பத்து நிமிஷம் கூட்டி வச்சிருக்கு, நீங்க ரயிலைப் புடிக்க," என்றாள் மனைவி. "அது எந்த ஊரு கணக்கு?"



மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக முக்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி, அந்தப் பத்து நிமிடத்தைக் குறைத்து மாட்டினேன்.