மெதுவாக நடப்பவர் முன்னால்

சனிக்கிழமை காலை 5.10. முதலமடையில் என் மாந்தோப்புக்கு முன்னால் வேன் வந்து நின்றது. உள்ளே பார்த்தால் ஐந்து பேரும் மங்கி குல்லாய் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! வட்டவடை போய்ச் சேர நூற்றெண்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. எங்கள் ஊரில் தை மாதத்திலும் குளிர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

"இப்பவே எதுக்கப்பா?" என்றேன்.

"காசு குடுத்து வாங்கியாச்சு மாப்ளே, போட்டுத்தான ஆகோணும்" என்றான் பொன்னுச்சாமி. நாற்பது வருடச் சிநேகிதன். பக்கத்துத் தோப்புக்காரன்.

நாங்கள் ஆறு பேர். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மாதத்தில் முதல் ஞாயிறு ஏதாவது ஒரு மலை ஏறுவோம். இந்தத் தை மாதத்தோடு பத்து வருடம் முடிகிறது. அதைக் கொண்டாடத்தான் இரண்டு நாள் பயணம். ஞாயிறு காலையில் வட்டவடைக்கு மேலே இருக்கும் மொட்டைப் பாறையில் ஏறி நின்று ஆறு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதமாக இதே பேச்சு.

எனக்கு மட்டும் ஒரு ரகசியம் இருந்தது. இடது முட்டியில் தேய்மானம் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. "நடக்கலாம், ஆனா வேகம் கூடாது" என்றார். வேகத்துக்குப் பெயர் போனவனிடம் சொல்கிற பேச்சா அது? நண்பர்களிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அறையிலேயே உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். போன வருடம் நெல்லியாம்பதியில் தலை சுற்றுகிறது என்ற பொன்னுச்சாமியை அப்படி உட்கார வைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

6.45. உடுமலையில் இட்லி. 8 மணிக்குச் சின்னாறு சோதனைச்சாவடி. அதைத் தாண்டியதும் ஆளாளுக்கு ஒரு பக்கம் யானை காட்டினார்கள், அத்தனையும் பாறை. மறையூரில் நிறுத்தி இரண்டு கிலோ உருண்டை வெல்லம் வாங்கினோம், கிலோ நூற்றிருபது. பாதி வழியிலேயே தீர்ந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் இரண்டு பேர் இருக்கும் வண்டியில் அது எப்படித் தீர்ந்தது என்று கேட்கக் கூடாது.

10.45. மூணாறு. வேனை அங்கே நிறுத்திவிட்டு ஜீப் பிடித்தோம், வட்டவடை வரை இரண்டாயிரத்து ஐந்நூறு. டிரைவர் செல்வம் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்.

"மலையேறவா வந்திருக்கீக? இந்த ஆறு பேருமா?" என்று கண்ணாடியில் எங்களை எண்ணிப் பார்த்தார்.

"ஏன், எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது?" என்றேன்.

"கோவிச்சுக்காதீக அண்ணாச்சி. எங்கம்மா முப்பது வருசம் தேயிலைக் காட்டுல ஏறி எறங்குனவுக. இப்ப முட்டி போயிருச்சு."

"எந்த முட்டி?" என்று வாய் தவறிக் கேட்டுத் தொலைத்தேன்.

ஜீப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. ருக்மணி டீச்சர் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கொல்லங்கோட்டில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுப் பழகியவர்.

1.15. வட்டவடை. அடேயப்பா! மலையைப் படிப்படியாகச் செதுக்கி, ஒரு படியில் கேரட், ஒரு படியில் பூண்டு, ஒரு படியில் முட்டைக்கோஸ். ஓடைத் தண்ணீரில் கேரட் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் விலை கேட்டோம். "தின்னு பாருங்க, பெறகு வெலையப் பேசலாம்" என்று ஆளுக்கு இரண்டு கையில் திணித்தார். கடித்தால் ஐஸ். பல் கூசியது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. மலைக்கு மேலே வந்தும் நம் தமிழே காதில் விழுவது தனிச் சந்தோஷம்.

ஞாயிறு காலை 6.30. புறப்பட்டோம். பாறை வரை நான்கு கிலோமீட்டர், அதில் பின்பாதி செங்குத்து. எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும், யாரும் அவரைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் யாரும் தனியாகப் பின்தங்கமாட்டார்கள். பத்து வருடமாக முன்னால் டீச்சர். வேகக்காரனான நான் கடைசி.

பூண்டுக் காடு முடிந்து புல்மேடு தொடங்கிய இடத்தில் முட்டி வேலையைக் காட்ட ஆரம்பித்தது. கம்பியை விட்டுத் திருகுவது போன்ற வலி. எனக்கும் எனக்கு முன்னால் போனவருக்கும் நடுவே இருபது அடி, நாற்பது அடி என்று இடைவெளி நீண்டது.

"மாப்ளே, அங்க என்ன பண்றே?" பொன்னுச்சாமி மேலேயிருந்து கத்தினான்.

"ஷூ கயிறு!"

அடுத்த தடவை, "போட்டோ!" மூன்றாவது தடவை சொல்லப் பொய் கிடைக்கவில்லை. டீச்சர் எல்லோரையும் நிறுத்திவிட்டு என்னிடம் இறங்கி வந்தார்.

"ஏனுங்ணா, எந்த முட்டிங்க?"

"எடது" என்றேன். சொன்னதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான் இங்கயே உக்காந்துக்கறனுங்க டீச்சர். நீங்க போயிட்டு வாங்க."

அதற்குள் பொன்னுச்சாமியும் வந்துவிட்டான். இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவன் நிதானமாகத்தான் பேசினான்.

"போன வருசம் என்னைய ரூமுல உட்டுட்டுப் போனீங்களே, அன்னிக்குப் பொழுதுக்கும் நான் என்ன பண்ணுனேன்னு கேட்டயா? டிவி போட்டுக் குடுத்துட்டுப் போனே. நான் அதைப் பாக்கவே இல்ல. சன்னல்ல நீங்க ஏறுன மலையவே பாத்துட்டுக் கெடந்தேன். எந்திரி."

"முடியாதப்பா."

"வேகமாத்தான முடியாது? சட்டம் சட்டந்தான். போ முன்னால."

டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்பாடா! பத்து வருசங் கழிச்சு எனக்கு இன்னிக்குத்தானுங்க பிரமோஷன்!"

ஆனைக்கும் அடி சறுக்கும். டீச்சரின் கைத்தடியை வாங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். இத்தனை வருடமும் நான் ஏறிய மலைகளில் எல்லாம் ஐந்து முதுகுகளைத்தான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது கண்ணுக்கு முன்னால் ஒரு ஆள் இல்லை. புல் நுனியெல்லாம் பனித்துளி, அதற்கு மேலே வெயில் பட்ட பாறை. ஐயோ, என்ன அழகு! இதையா நான் இத்தனை நாள் அவசரப்பட்டுத் தாண்டிப் போகப் பார்த்தேன்?

இருநூறு அடி போவதற்குள் மூச்சு முட்டியது. நிற்கவும் கூச்சம், நடக்கவும் முடியவில்லை. பின்னாலிருந்து டீச்சர் முணுமுணுத்தார்: "கைய நீட்டி எதையாச்சும் காட்டுங்ணா. எல்லாரும் நின்னுக்குவாங்க. நான் அப்பிடித்தான பண்ணுவேன்."

"அப்போ நீங்க நின்னு நின்னு காட்டுன பூவெல்லாம்?"

"பூவாவது ஒண்ணாவது! மூச்சு வாங்கோணுமில்லீங்க?"

அந்தப் பூக்களை நான் கடைசியில் நின்றுகொண்டு எவ்வளவு திட்டியிருப்பேன்! கையை நீட்டி, "அங்க பாருங்க!" என்றேன். அங்கே மூடுபனியைத் தவிர எதுவும் இல்லை. எல்லோரும் நின்று, திரும்பி, வெகு சிரத்தையாகப் பார்த்தார்கள். "நல்லாருக்குது, நல்லாருக்குது" என்றான் பொன்னுச்சாமி.

10.20. ஏழெட்டுத் தடவை அப்படி நின்று பார்த்த பிறகு பாறை வந்துவிட்டது. முதலில் கால் வைத்தவன் நான். கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம் கொடைக்கானல் மலைகள் நீலமாக அடுக்கி நின்றன. கீழே வட்டவடை வீடுகள் தீப்பெட்டி அளவு. காற்று ஆளைத் தள்ளியது. ஆறு பேரும் கை கோத்துக்கொண்டு "ஹோ" என்று கத்தினோம். டீச்சர் சத்தம்தான் ஓங்கிக் கேட்டது. படம் எடுத்தோம். அதில் மூன்று பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். மறுபடி எடுக்கவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை. நினைத்ததைவிட ஒரு மணி நேரம் கூட ஆயிற்று. யாரும் முகம் சுளிக்கவில்லை.

இரவு 7 மணி. வேன் சின்னாறு தாண்டிச் சமவெளியில் இறங்கியதும் சூடான காற்று முகத்தில் அடித்தது. ஊர் வாசனை வந்துவிட்டது. மூணாறு, வட்டவடை என்று தூரத்து மலைக்கு ஆலாய்ப் பறக்கிறோம். நெல்லியாம்பதி மலையோ, எங்கள் தோப்பில் நின்று தலையைத் தூக்கினாலே தெரிகிறது. முட்டியில் துண்டைச் சுற்றிக்கொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த மாசம் எந்த மலைக்குங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"நெல்லியாம்பதி" என்றேன். "போன வருசம் ஏறுனமே, அதே மலை."

பொன்னுச்சாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அங்கே பார்த்தபடியே சொன்னான்:

"நீ முன்னால நடக்கறதுன்னா வர்றேன்."