மச்சினன் பேரில் ஒரு வலிப்பு

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் மருதுவுக்கு ரெண்டு வருஷமாக வலிப்பு உண்டு. பெண்டாட்டிக்கு மட்டும் தெரியும். ஓட்டாதே என்று சொல்லிச் சொல்லி அவளும் ஓய்ந்துவிட்டாள். ஓட்டாமல் என்ன செய்வது? மகள் காலேஜில் படிக்கிறாள். இந்த வயசில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பயந்து பயந்தே மனுஷன் பாதியாகிவிட்டான்.

கே.கே. நகர் கிளினிக்குக்கு முதல்தடவை போனபோது, கவுண்டரில் இருந்த பெண், "ஒங்க விவரமெல்லாம் கிளவுட்ல ஏத்திருவோம்ணே. இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பாத்துக்கிருவாங்க" என்று சிரித்தாள். நல்ல காரியந்தான், யார் இல்லையென்றது? மருதுவுக்கோ யோசனை வேறு பக்கம் ஓடியது. ஊரே பார்க்குமென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மட்டும் பார்க்காதா? லைசென்ஸ் போச்சே! சட்டென்று பெண்டாட்டியின் தம்பி முத்திருளன் பேரையும் போன் நம்பரையும் சொல்லிவிட்டான். அவன் போனுக்கு வந்த ஓடிபியை, "ஒரு கார்டுக்கு மாப்ள" என்று புளுகி வாங்கினான். அன்றிலிருந்து முத்திருளனாகவே போய் மாத்திரை வாங்கி வந்தான்.

இன்று காலை வில்லாபுரத்தில் முத்திருளன் கைகாட்டி நிறுத்தி, மருதுவின் பக்கத்தில் தொற்றிக்கொண்டான். கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர் வேலை உறுதி, மெடிக்கல் செக்கப் மட்டுந்தான் பாக்கி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன். முகம் செத்துப்போயிருந்தது.

"வேலை இல்லேன்னுட்டாங்க மச்சான். பழைய ரெக்கார்டப் பாக்கலாமான்னு கேட்டாங்க. நம்மகிட்ட மறைக்க என்ன இருக்குன்னு நானே சரின்னேன். என் போன் நம்பரப் போட்டுத் தொறந்து பாத்தா எனக்கு வலிப்பாம்! ரெண்டு வருஷமா மாத்திரை திங்கிறேனாம்! எந்தப் படுபாவி மாத்தி ஏத்துனானோ, அவன் வெளங்குவானா?"

மருது வேகத்தைக் குறைத்தான். இப்போதும் தப்பிக்கலாம். "அவனுக பண்ற கூத்து மாப்ள" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குக்கூட அவனிடம் தெம்பில்லை. பொய் சொல்லியே அலுத்துப்போயிருந்தான். வண்டியை ஓரங்கட்டினான்.

"அந்தப் படுபாவி நான்தான் மாப்ள. வலிப்பு எனக்கு. ஒன் பேரச் சொல்லி வைத்தியம் பாத்தேன்."

அறைவான் என்று காத்திருந்தான். அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். முத்திருளன் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தான். கைக்குழந்தையோடு ஒருத்தி, யூனிபார்மில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

"எறங்குங்க மச்சான்," என்றான். "வண்டிய நான் ஓட்டுறேன்."